எக்செல் தாளில் இல்லாத கட்டம்: ‘கிம் ஜியங், பார்ன் 1982’ நாவலை முன்வைத்து

2019-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. நானும் மனைவியும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஓர் எக்செல் தாளைத் திறந்தோம். மகளுக்கு அப்போது ஏழு மாதம். மகப்பேறு விடுப்பு முடிந்து, கையிலிருந்த மற்ற லீவும் தீர்ந்து, அவள் வேலைக்குத் திரும்ப இன்னும் பத்து நாள் இருந்தது. அவள் கைக்கு வரும் சம்பளம் ஒரு வரி. அதிலிருந்து டே-கேர் கட்டணம், ஆபீஸ் போகவர கேப், வீட்டில் கூடுதலாக ஓர் ஆள் வைத்தால் அந்தச் செலவு, டே-கேர் குழந்தைகளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும் என்று யாரோ சொன்னதால் டாக்டருக்கு ஒரு தொகை. எல்லாம் போக ஒன்பதாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது.

“இதுக்காகவா புள்ளைய விட்டுட்டுப் போகணும்?” என்று அவளேதான் கேட்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைத் தாளே சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ராஜினாமா கடிதம் போனது. கேட்ட சொந்தக்காரர்களிடமெல்லாம் “ரெண்டு பேரும் பேசித்தான் முடிவெடுத்தோம்” என்றேன். அது பொய் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, சோ நாம்-ஜூ எழுதிய ‘கிம் ஜியங், பார்ன் 1982’ நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். அதிலும் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். யார் சம்பளம் அதிகம், யார் வேலை நிலையானது, யார் நின்றால் நஷ்டம் குறைவு என்று பார்க்கிறார்கள். விடை எங்களுடையதேதான். புத்தகத்தை மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் படித்துவிட்டுத் திருப்பித் தரும்போது ஒன்று சொன்னாள்: “நம்ம ஷீட்டுல எல்லாமே இருந்துச்சு. உன் சம்பளம் ஏன் ஜாஸ்தின்னு ஒரு கட்டம் மட்டும் இல்ல.”

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரி, ஒரே கேம்பஸ் இன்டர்வியூ. ஒரே நாளில் ஒரே சம்பளத்துக்கு எடுக்கப்பட்டவர்கள். டே-கேர் கட்டணத்தை ஏன் அவள் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்தோம் என்ற கேள்வியும் அன்று இரவு எழவில்லை. இந்தக் கட்டுரை அந்த விடுபட்ட கட்டத்தைப் பற்றியது. இந்த நாவல் அந்தக் கட்டத்தைத்தான் எழுத முயல்கிறது என்று நினைக்கிறேன்.

*

சோ நாம்-ஜூ 1978-இல் பிறந்தவர். தொலைக்காட்சியில் நடப்பு விவகார நிகழ்ச்சிகளுக்கு எழுதிக்கொண்டிருந்து, குழந்தை பிறந்தபின் வேலையை விட்டவர். 2016 அக்டோபரில் கொரிய மொழியில் வெளிவந்த இந்தச் சிறிய நாவல் இரண்டே வருடத்தில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 2017-இல் ரோ ஹோ-சான் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அதை அதிபர் மூன் ஜே-இன்னுக்குப் பரிசாகக் கொடுத்தார். 2018-இல் ரெட் வெல்வெட் குழுவின் பாடகி ஐரீன் இதைப் படித்ததாகச் சொன்னதற்கே, ஆண் ரசிகர்கள் சிலர் அவர் படங்களை வெட்டியும் எரித்தும் இணையத்தில் போட்டார்கள். ஒரு புத்தகத்தைப் படித்தேன் என்று சொன்னதற்கு இவ்வளவு கோபம் வருமானால், அந்தப் புத்தகம் எங்கேயோ சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது.

கதை எளிமையானது. 2015 இலையுதிர்காலம். 33 வயது ஜியங், கணவன் டேஹ்யுன், ஒரு வயது மகள். சியோலின் புறநகரில் ஒரு அபார்ட்மென்ட். திடீரென்று ஜியங் வேறு பெண்களின் குரலில் பேசத் தொடங்குகிறாள். ஒருநாள் தன் அம்மாவாக. இன்னொரு நாள் இறந்துபோன கல்லூரி சீனியராக. சூசோக் பண்டிகைக்கு மாமியார் வீட்டுக்குப் போன இடத்தில், தன் அம்மாவின் குரலிலேயே சம்பந்தியைப் பார்த்து, பண்டிகை வந்தாலே என் மகள் உடம்பு படுத்துவிடுகிறாள் என்ற பொருளில் பேசிவிடுகிறாள். கணவன் பயந்து மனநல மருத்துவரிடம் போகிறான். அதன் பிறகு நாவல் ஜியங்கின் வாழ்க்கையை 1982 முதல் வருட வாரியாகச் சொல்லிக்கொண்டு போகிறது. குழந்தைப் பருவம், பள்ளி, கல்லூரி, வேலை, கல்யாணம், பிரசவம். பெரிய கொடுமைக்காரர்கள் யாரும் இல்லை. கணவன் நல்லவன், அப்பா சராசரி மனிதர். ஜியங் என்ற பெயரே அந்தத் தலைமுறைக் கொரியப் பெண்களிடையே மிகச் சாதாரணமான பெயர்.

நடுநடுவே அடிக்குறிப்புகள் வருகின்றன. புள்ளிவிவரங்கள், செய்தித்தாள் கட்டுரைகள், அரசு அறிக்கைகள். ஆண் 100 வோன் சம்பாதிக்கும்போது கொரியப் பெண் சுமார் 63 வோன் சம்பாதிக்கிறாள் என்பது போன்ற தகவல்கள், ஒரு நாவலின் பக்கத்தில்.

*

நண்பர்களோடு இதைப் பற்றிப் பேசியபோது எழுந்த முதல் புகார், எல்லா ஊரிலும் எழுந்த அதே புகார்தான். “மச்சி, இது நாவலே இல்லடா. என்ஜிஓ ரிப்போர்ட்.” பாத்திரங்களுக்கு ஆழமில்லை, மொழி வறட்சியாக இருக்கிறது, ஜியங்குக்கென்று தனி ஆசையோ கிறுக்கோ இல்லை, அடிக்குறிப்பு போட்டால் அது புனைவாகுமா? நல்ல வாசகர்கள் கேட்கும் நியாயமான கேள்விகள் இவை. பாதிப் புத்தகம் வரை எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் கடைசி அத்தியாயத்தில் தெரியவருகிறது: இதுவரை கதை சொன்னது ஜியங் இல்லை, ஆசிரியரும் இல்லை. அந்த மனநல மருத்துவர். ஓர் ஆண். நாம் படித்துக்கொண்டிருந்தது ஒரு நோயாளியின் கோப்பு. மொழி ஏன் வறட்சியாக இருந்தது, தேதிகள் ஏன் இவ்வளவு சுத்தமாக இருந்தன, அடிக்குறிப்பு ஏன் வந்தது என்பதற்கெல்லாம் அங்கே விடை கிடைக்கிறது. கோப்பு அப்படித்தான் இருக்கும். ஜியங்குக்கு ஆழமில்லை என்று நாம் சொன்னது, கோப்பில் அவளுக்கு இருந்த இடத்தைப் பற்றி. அவளைப் பற்றி அல்ல.

இந்த வடிவத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. குடும்ப நாவல்களில் ஒரு பெண் வேலையை விட்டால் அது அவள் மனப் போராட்டமாக எழுதப்படும். தாய்ப்பாசம் ஒரு பக்கம், லட்சியம் ஒரு பக்கம். வாசகர் அவள் மனதுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, பாவம், அவள் தேர்வு என்று வெளியே வருவார். சோ நாம்-ஜூ அந்தக் கதவைத் திறப்பதில்லை. மனதுக்குள் போகாமல், அந்தக் கணக்கில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போகிறார். அப்படிப் போகும்போது அந்த வீட்டுக்குள் பாஸ் வருகிறார், பிறகு நிறுவனம், பிறகு அரசாங்கம்.

*

ஜியங்கின் அம்மா ஓ மிசூக்கில் தொடங்கலாம். ஆசிரியை ஆக ஆசைப்பட்டவள் அவள். ஆனால் பதின்வயதிலேயே துணித் தொழிற்சாலைக்குப் போகிறாள். அந்தச் சம்பளத்தில் சகோதரர்கள் படித்து மேலே வருகிறார்கள். இது அந்த ஒரு குடும்பத்தின் கதை மட்டும் இல்லை. 1960, 70-களில் கொரியாவின் ஏற்றுமதிப் பொருளாதாரம் துணி, விக், காலணி போன்றவற்றில்தான் நின்றது. அந்த ஆலைகளில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் இளம்பெண்கள். மகளின் கூலி மகனின் கல்லூரிக் கட்டணமாக மாறியது. ஒரே வீட்டுக்குள் நடந்த இந்தப் பணமாற்றம் நாட்டின் வளர்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது, எந்த ஐந்தாண்டுத் திட்ட ஆவணத்திலும் அப்படி எழுதப்படாவிட்டாலும்.

அதே வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து 1962-இல் குடும்பக் கட்டுப்பாடும் தொடங்கியது. 1960-இல் ஒரு கொரியப் பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். 1983-இல் இரண்டை ஒட்டி வந்துவிட்டது. ஆணோ பெண்ணோ இரண்டு போதும், பிறகு ஒன்றே போதும் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். ஆனால் குடும்பத் தலைவர் ஆண்தான் என்ற ‘ஹோஜு’ சட்டத்தை யாரும் தொடவில்லை. அரசியலமைப்பு நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பு சொல்ல 2005 ஆனது. அது முழுமையாகப் போக 2008. ஆக, எண்ணிக்கையைக் குறை என்று ஒரு கை சொன்னது. மகன் வேண்டும் என்று இன்னொரு கை சட்டமாகவே எழுதி வைத்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஸ்கேன் வந்தது. 1990-இல் கொரியாவில் 100 பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் பிறந்தன. நாவலில் மிசூக் மூன்றாவதாக உண்டான பெண் குழந்தையைக் கலைக்கிறாள். அவளைக் கலைக்கச் சொல்லி யாரும் அடிக்கவில்லை. கணவனிடம் இதுவும் பெண்ணாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறாள். அவன் பதில் அவளைத் தனியாக விட்டுவிடுகிறது. அவளே போகிறாள். அவளே முடிவெடுத்தாள் என்றுதான் கோப்பில் இருக்கும்.

பிறகு 1997. ஐஎம்எஃப் கடன். அடுத்த வருடம் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, நிர்வாகக் காரணங்களுக்காக ஆட்குறைப்பு செய்வது எளிதானது. ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்த தம்பதிகளில் மனைவியை ராஜினாமா செய்யச் சொல்வது அப்போது நடந்தது. நாவலில் அரசு ஊழியரான ஜியங்கின் அப்பா முன்கூட்டியே ஓய்வு பெறுகிறார். அந்த வருடங்களில்தான் அக்கா உன்யங், தொலைக்காட்சித் தயாரிப்பாளராகும் ஆசையை விட்டு, கட்டணம் குறைந்த, வேலை உறுதியான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போகிறாள். பெண்ணுக்கு ஏற்ற வேலை, குழந்தை பிறந்தாலும் சமாளிக்கலாம் என்று அம்மா சொல்கிறாள். உன்யங்குக்கு அப்போது குழந்தை இல்லை, கல்யாணம் இல்லை, காதலன்கூட இல்லை. இன்னும் பத்து வருடத்துக்குப் பிறகு பிறக்கப்போகும் ஒரு குழந்தை அவள் படிப்பைத் தீர்மானித்துவிட்டது.

ஜியங் ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்கிறாள். நன்றாக வேலை செய்கிறாள். நீண்டகாலத் திட்டத்துக்கான குழுவுக்கு ஆள் எடுக்கும்போது இரண்டு ஆண்களை எடுக்கிறார்கள். காரணம் பின்னால்தான் தெரிகிறது: ஐந்து வருட வேலை அது, பெண்கள் நடுவில் போய்விடுவார்கள் என்று நிர்வாகம் கணக்குப் போட்டிருக்கிறது. ஆண்களுக்கு ஆரம்பத்திலிருந்தே சம்பளமும் அதிகம் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. இங்கே ஒரு சுழற்சி முழுமையடைகிறது. அவள் போய்விடுவாள் என்பதால் சம்பளம் குறைவு. சம்பளம் குறைவு என்பதால், குழந்தை பிறந்ததும் போக வேண்டியவள் அவள். போனதும் நிர்வாகம், பார்த்தாயா, நாங்கள் சொன்னோமே என்கிறது. மென்பொருள்காரனாக எனக்கு இது மிகப் பரிச்சயமான பிழை. வெளியீட்டையே மறுபடி உள்ளீடாகக் கொடுத்தால், எந்தக் கணக்கும் தன்னைத் தானே சரியென்று நிரூபித்துக்கொள்ளும்.

2023-இல் நோபல் பெற்ற பொருளியலாளர் கிளாடியா கோல்டினின் ஆய்வுகள் இதை வேறொரு பக்கமிருந்து சொல்கின்றன. இன்று ஆண்–பெண் சம்பள இடைவெளியின் பெரும்பகுதி, ஒரே மாதிரி வேலையில் இருப்பவர்களிடையேதான் இருக்கிறது. அது முதல் குழந்தைக்குப் பிறகு அகலமாகிறது. எந்நேரமும் கூப்பிட்டால் வரும் ஆளுக்கு வேலை அளவுக்கு மீறிக் கூலி கொடுக்கிறது. வீட்டில் ஒருவர் அப்படி எந்நேரமும் கிடைக்க வேண்டுமானால், இன்னொருவர் குழந்தைக்கு எந்நேரமும் கிடைக்க வேண்டும். எனக்கு இரண்டு முறை கம்பெனி மாறியதில்தான் சம்பளம் ஏறியது. இரண்டாவது முறை நான் மாறியபோது அவளுக்கும் ஓர் அழைப்பு வந்திருந்தது. ஐந்தாவது மாதம். “இப்போ போய் புது இடத்துல எப்படி?” என்று விட்டுவிட்டாள். எக்செல்லில் அதற்கும் கட்டம் இல்லை.

*

அரசு ஒன்றுமே செய்யவில்லையா என்றால், கொரியா செய்தது. எக்கச்சக்கமாகச் செய்தது. அதனால்தான் இந்த உதாரணம் முக்கியம்.

2006 முதல் குறைந்த பிறப்பு விகிதத்துக்கான திட்டங்களுக்கு அந்த நாடு ஒதுக்கிய தொகை 200 லட்சம் கோடி வோனுக்கு மேல். 2013-இல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச டே-கேர், வருமான வரம்பு கிடையாது. அம்மா, அப்பா இருவருக்கும் தனித்தனியாக ஒரு வருடம் வரை குழந்தை வளர்ப்பு விடுப்பு. பணம் வேலைவாய்ப்புக் காப்பீட்டு நிதியிலிருந்து. குழந்தைக்காக வேலை விட்ட பெண்களுக்காக 2008-இல் தனிச் சட்டமே வந்தது. இவ்வளவுக்கும் பிறகு, 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. 2024-இல் கொஞ்சம் ஏறி 0.75. பணம் போட்டும் ஏன் நடக்கவில்லை?

நாவல் இதற்குச் சின்னச் சின்னக் காட்சிகளில் பதில் சொல்கிறது. கர்ப்பிணி ஊழியர்கள் நெரிசலைத் தவிர்க்க அரை மணி நேரம் தாமதமாக வரலாம் என்று ஜியங்கின் ஆபீஸில் ஒரு சலுகை உண்டு. உனக்கு ஜாலிதான் என்கிற மாதிரி ஓர் ஆண் சகா சொல்கிறான். அந்த ஒரு பேச்சுக்காக, நானும் சரியான நேரத்துக்கே வருகிறேன் என்று சொல்லிவிடுகிறாள். சலுகை காகிதத்தில் அப்படியே இருக்கிறது. ரயிலில் அவள் வயிற்றைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்த ஓர் இளம்பெண், வயிற்றைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போகிறவளுக்குக் குழந்தை எதற்கு என்று பொரிகிறாள்.

அப்புறம் அந்தக் காபி. மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பூங்காவில் 1500 வோன் காபி குடிக்கிறாள் ஜியங். பக்கத்தில் ஆபீஸ் ஆண்கள். புருஷன் சம்பாத்தியத்தில் காபி குடித்துச் சுற்றும் வாழ்க்கை என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அம்மாக்களைப் பூச்சி என்று இழிவாகச் சொல்லும் ஒரு கொரிய வசைச்சொல்லைச் சொல்கிறார்கள். ஜியங்கின் நோய்க்கு இதுதான் கடைசித் தூண்டுதல். வேலையை விட்டால் ஓசிச் சோறு. விடாவிட்டால் பிள்ளையை அநாதையாக விட்டவள். இலவச டே-கேர் கொடுத்த அரசு, டே-கேர் மூடும் நேரத்துக்கு ஆபீஸை மூட வைக்கவில்லை. வாரத்துக்கு 52 மணி நேரம்தான் வேலை என்ற வரம்பு 2018-இல்தான் வந்தது. நாவல் நடக்கும் காலத்தில் 68 மணி வரை வாங்க முடியும். டேஹ்யுன் வீட்டுக்கு வருவது நள்ளிரவில். அவன் ‘உதவி செய்கிறேன்’ என்கிறான். அந்த வார்த்தையைத்தான் ஜியங்கால் தாங்க முடியவில்லை. உன் வீடு, உன் பிள்ளை, அதில் என்ன உதவி?

அப்பாக்களுக்கும் விடுப்பு இருந்ததே? 2015-இல் அந்த விடுப்பை எடுத்தவர்களில் ஆண்கள் இருபதில் ஒருவர் அளவுக்குத்தான். 2019-இல் வந்த படத்தில் கணவன் விடுப்பு எடுக்கும் பேச்சு வந்ததும் மாமியார் கொதித்துப் போகிறாள். விதி ஒன்றைச் சொல்லும், சம்பளப் பட்டியல் இன்னொன்றைச் சொல்லும். இரண்டும் முரண்படும்போது ஜெயிப்பது எப்போதும் சம்பளப் பட்டியல்.

*

நாவல் வெளிவந்து இரண்டு மாதத்தில், 2016 டிசம்பர் கடைசியில், கொரிய உள்துறை அமைச்சகம் ஓர் இணையதளத்தைத் திறந்தது. பெயர் ‘பிறப்பு வரைபடம்’. எந்த ஊரில் பிள்ளை பெறும் வயதில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று இளஞ்சிவப்பு நிறத்தில் காட்டும் வரைபடம். எங்களைக் கால்நடையாகவா எண்ணுகிறீர்கள் என்று பெண்கள் கொந்தளிக்க, உடனடியாக இறக்கிவிட்டார்கள்.

அந்த வரைபடமும் எண்தான், இந்த நாவலின் அடிக்குறிப்பும் எண்தான். ஆனால் இரண்டும் வேறு. வரைபடம் எத்தனை கருப்பைகள் கையிருப்பில் இருக்கின்றன என்று எண்ணியது. அடிக்குறிப்பு, அந்தப் பெண்களிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளப்பட்டது என்று எண்ணுகிறது. ஒன்று இருப்புக் கணக்கு, இன்னொன்று பாக்கிக் கணக்கு. 1962-இலும் அரசு பெண்களை எண்ணியது, குறைக்கச் சொல்ல. 2016-இலும் எண்ணியது, கூட்டச் சொல்ல. பிறப்பு விகிதம் இரண்டுக்குக் கீழே விழுந்தபின்னும் 1996 வரை கட்டுப்பாட்டுக் கொள்கை நீடித்தது. பிறகு ஸ்விட்சை மறுபக்கம் தட்டினார்கள். எண்ணும் கை மாறவே இல்லை.

இந்த இடத்தில் ஜியங்கின் நோய் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. புள்ளிவிவரம் லட்சம் பெண்களை ஓர் எண்ணாக்குகிறது. அவள் நோயோ ஒரு வாயில் பல பெண்களைப் பேச வைக்கிறது. சராசரிப் பெண்ணாக உருவாக்கப்பட்டவளுக்குள், சராசரியில் கரைந்துபோன மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசுகிறார்கள்: அம்மா, செத்துப்போன சீனியர். நாவலின் ஒரே கற்பனைத் துணிச்சல் இது. துரதிருஷ்டவசமாக, முதல் அத்தியாயத்துக்குப் பிறகு ஆசிரியர் அதைக் கிட்டத்தட்ட கைவிட்டுவிடுகிறார். அந்தக் குரல்கள் திரும்பத் திரும்ப வந்து கோப்பையே கலைத்துப் போட்டிருந்தால் இது இன்னும் பெரிய நாவலாகியிருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. ஜியங் படித்த, நகரத்து, நடுத்தர வர்க்கப் பெண். ஐஸ்கிரீம் கடையில் பகுதிநேர வேலை பார்க்கும் பெண், நானும் கல்லூரியில் படித்தவள்தான் என்று சொல்வதாக ஒரு காட்சி இருக்கிறது; நல்ல காட்சி. ஆனால் கல்லூரி போகாமலேயே அந்தக் கடைக்கு வந்த பெண்ணுக்கு நாவலில் இடமில்லை. டே-கேரில் மற்றவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி வருவதே இல்லை. ஜியங்கின் பெண் மேலாளர் பிரசவமாகி ஒரே மாதத்தில் வேலைக்குத் திரும்பியவர். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவருடைய அம்மா. அந்த அம்மாவின் பெயர்கூட நமக்குத் தெரியாது. தொழிற்சாலையிலிருந்து தொடங்கிய நாவல் தொழிற்சாலைப் பெண்ணை அம்மாவின் தலைமுறையோடு விட்டுவிட்டது.

*

நம் ஊரிலிருந்து இதைப் படிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாதிரிப் பதிவு முறையின் 2020 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. கொரியா 1999-இல் ஏறக்குறைய அங்கேதான் இருந்தது. சிவப்பு முக்கோணத்தைச் சுவரில் பார்த்து வளர்ந்த கடைசித் தலைமுறை நாங்கள். 2025-இல், தொகுதி மறுவரையறைப் பேச்சு சூடாக இருந்தபோது, புதுமணத் தம்பதிகள் சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் மேடையில் சொன்னார். ஸ்விட்சை நாமும் மறுபக்கம் தட்டத் தொடங்கிவிட்டோம்.

2017-இல் நம் நாட்டில் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றது சட்டம். நல்ல சட்டம்தான், என் மகள் முதல் ஆறு மாதம் அம்மாவோடு இருந்தது அதனால்தான். ஆனால் இஎஸ்ஐ வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தையும் முழுக்க நிறுவனமே கொடுக்க வேண்டும். தனியார் நிறுவனத்தில் அப்பாவுக்கு ஒரு நாள் விடுப்புகூடச் சட்டப்படி கிடையாது. அதாவது, ஆள் எடுக்கும் மேஜையில் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்தால் அவளுக்கு ஒரு செலவு தெரியும். அதே வயது ஆண் உட்கார்ந்தால் தெரியாது. இருவருக்கும் அதே மாதம் குழந்தை பிறந்தாலும் சரி. சட்டம் அவளைப் பாதுகாத்துவிட்டு, அந்தப் பாதுகாப்பின் பில்லை அவள் பெயரிலேயே எழுதிவிட்டது.

இப்போது நாவலின் கடைசிப் பக்கம். மருத்துவர் ஜியங்கை நன்றாகப் புரிந்துகொண்டவர். அவர் மனைவியே கண் மருத்துவர். மகனுக்காக வேலையை விட்டு, இப்போது ஆரம்பப் பள்ளிக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதில் சந்தோஷம் காண்பவள். அதை நினைத்து அவர் வருந்துகிறார். அப்போது அவர் கிளினிக்கில் ஆலோசகராக இருந்த பெண், கர்ப்பம் காரணமாக வேலையை விடுகிறாள். அடுத்து எடுப்பவர் கல்யாணமாகாதவராக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். நாவல் முடிந்துவிடுகிறது.

இதை நகைமுரண் என்று சொல்லித் தாண்டிப் போகலாம். எனக்கு முடியவில்லை. தகவல் தெரிந்தால் மனிதர்கள் மாறுவார்கள் என்பதுதான் என்னைப் போன்றவர்களின் நம்பிக்கை. இந்த மருத்துவருக்கு எல்லாத் தகவலும் தெரியும், அடிக்குறிப்புகள் எல்லாம் அவர் கோப்பில் இருக்கின்றன. மனமும் இளகியிருக்கிறது. ஆனாலும் அவர் மேஜையில் இருக்கும் கணக்கு மாறவில்லை. கணக்கு மாறாதவரை இளகிய மனமும் அதே விடையைத்தான் எழுதும்.

புத்தகத்தைப் படித்து ஆறு மாதம் கழித்து, என் டீமுக்கு ஆள் எடுக்கும் பேனலில் நான் இருந்தேன். மூன்று பேரில் ஒரு பெண் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சமீபத்தில் கல்யாணமானவர் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. அவர் வெளியே போனதும் பேனலில் ஒருவர், “ரிலீஸ் அடுத்த வருஷம் மார்ச்... யோசிச்சுக்கோங்க” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தேவையும் இல்லை. நான் என் மதிப்பெண்ணை மாற்றவில்லை. ஆனால் எதிர்த்து ஒன்றும் பேசவுமில்லை. வேறொருவரை எடுத்தோம். அவரும் நல்ல ஆள்தான். அதனால் மறந்துபோவது எளிதாக இருந்தது.

அதே வருடம் மனைவி மறுபடி வேலை தேடத் தொடங்கியிருந்தாள். போன இடத்திலெல்லாம் “நடுவுல மூணு வருஷம் என்ன பண்ணீங்க?” என்று கேட்டார்கள். கடைசியில் கிடைத்த வேலையில், எங்களுக்கு நான்கு வருடம் ஜூனியராக இருந்தவர் அவளுக்கு மேனேஜர். இன்டர்வியூ முடிந்து வந்த ஒவ்வொரு நாளும் எப்படிப் போச்சு என்று கேட்டிருக்கிறேன். நான் மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த அந்த நாளைப் பற்றி மட்டும் இதுவரை சொன்னதில்லை. நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள். இதையும் அவள்தான் முதலில் படிப்பாள்.